பெயிண்ட் அடித்து மாட்டிய பின் வண்டி மக்கர் செய்தால்: ஸ்பிளெண்டருக்கான அறிகுறி வாரியான வழிமுறை

1994-இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரும் அதன் வழிவந்த ஸ்பிளெண்டர் பிளஸ்ஸும் வீட்டிலேயே பிரித்து மாட்டுவதற்கு மிகவும் ஏற்ற வண்டிகள். 97.2 சி.சி. எஞ்சினைச் சேஸிஸிலிருந்து இறக்க இரண்டு ஆட்களும், கீழே போட ஒரு பழைய டயரும் போதும். பிரிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். மாட்டிய பிறகு தலைகாட்டும் கோளாறுகளைத் தேடுவதில்தான் அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

என் வண்டியையும் உறவினர்கள், நண்பர்களின் வண்டிகளையும் பிரித்து மாட்டிப் பார்த்ததில் நான் கண்டது ஒன்று உண்டு. மாட்டத் தெரியாததால் வரும் கோளாறுகள் குறைவு. பெயிண்ட் போகக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டதால் வரும் கோளாறுகளே அதிகம். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குத் தடிமனும் உண்டு. பௌடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூளையில் சுடும் பூச்சு) என்றால் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றைப் படித்தால், இங்கே சொல்லப்படாத கோளாறுக்கும் வழி தெரியும்.

பிரிக்கும்போதே ஸ்க்ரூ வழுக்குகிறது

எஞ்சினின் பக்க மூடிகளிலும் கார்புரேட்டரிலும் இருக்கும் பிளஸ் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவுமுறையில் வெட்டப்பட்டவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் நுழையும், ஆனால் அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலெழும்பித் தலையைத் தின்றுவிடும். டிரைவரை ஸ்க்ரூவில் வைத்து, அதன் பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருப்புங்கள். அதற்கும் மசியாதவற்றுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் மருந்து. தலை முழுவதும் போய்விட்டால் ஹாக்சா பிளேடால் ஒரு கோடு அறுத்து மைனஸ் டிரைவரால் எடுக்கலாம். திரும்ப மாட்டும்போது அந்த இடங்களில் ஆலன் போல்ட் போட்டுவிடுவது நல்லது. சைலன்சர் நட்டுகளைக் குளிர்ந்த எஞ்சினில் முறுக்காதீர்கள்; முதல்நாள் இரவே துரு நீக்கும் ஆயில் விட்டு வைத்து, மறுநாள் எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடேற்றிய பின் எடுங்கள். அங்கே ஸ்டட் (நட்டு ஏறும் தலையில்லாத போல்டு) முறிந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

பெயிண்ட் சுருங்குகிறது, வெளுக்கிறது, குழி விழுகிறது

அடித்த சில நிமிடங்களில் பெயிண்ட் தோல் போலச் சுருங்கினால், கீழே இருக்கும் பழைய பெயிண்ட் மேலே வந்த தின்னரைத் தாங்கவில்லை என்று பொருள். முன்பு யாரோ எனாமல் அடித்திருப்பார்கள், அதன்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டோ அதன் தின்னரோ பட்டதும் அது ஊதி எழும்பும். வேலை தொடங்குமுன் டேங்கின் அடிப்பகுதியில் தின்னர் நனைத்த துணியை இரண்டு நிமிடம் ஒட்டி வைத்துப் பாருங்கள். கம்பெனியில் சூளையில் சுட்ட பெயிண்ட் அசையாது. அசைந்தால், இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காய்ந்த பெயிண்டின் மேல் பால் தெளித்ததுபோல் வெண்படலம் வந்தால் காரணம் காற்றின் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்.சி. பெயிண்ட் அடித்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். வெயில் வரும் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிய புகைபோல ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிறு சிறு வட்டக் குழிகள் விழுந்தால் பரப்பில் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. பளபளப்புக்காகப் பூசிய பாலிஷே பெரும்பாலும் குற்றவாளி. பெட்ரோலால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் காய்ந்த பின் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு கிரீஸ் நீக்கும் திரவம், அதன் பிறகே வாட்டர் பேப்பர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால், எண்ணெயைத் தேய்த்து இரும்புக்குள்ளேயே ஏற்றியதாகிவிடும்.

டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் பெயிண்ட் உரிகிறதென்றால் மேல்கோட்டு பெட்ரோலைத் தாங்கவில்லை. ஸ்ப்ரே கேனில் வரும் சாதாரண கிளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு) என்.சி. பெயிண்டும் சிந்திய பெட்ரோலில் இளகிவிடும்; ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர்தான் நிற்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. முகத்தில் கட்டிய கைக்குட்டையோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். மற்ற எல்லாவற்றையும் வீட்டில் அடித்துக்கொண்டாலும் டேங்கின் கிளியர் கோட்டை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள கடையில் அடித்து வாங்குவதே என் வழக்கம். டேங்கைக் கழற்றிப் பெட்ரோல் வடிக்கும் நாளில் வீட்டு அடுப்பை மட்டுமல்ல, பூஜையறை விளக்கையும் நினைவில் வையுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தரையாக நகர்ந்து போகும்.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது

இதுதான் இந்த வேலையில் மிகவும் அலைக்கழிக்கும் அறிகுறி. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுக்குகிறது, ஹார்ன் அடித்தால் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கிறது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கு துடிக்கிறது. வயரிங் கிட் போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளில் சேஸிஸே ஒரு வயர். பாட்டரியின் நெகட்டிவ் சேஸிஸில் எர்த் ஆகிறது, அதாவது சேஸிஸோடு இணைகிறது; சில பல்புகளுக்குத் தனியாகப் பச்சை எர்த் வயர் வந்தாலும், மற்றவை தாம் திருகப்பட்டிருக்கும் இரும்பையே மின்சாரம் திரும்பும் வழியாக வைத்திருக்கின்றன. அந்த இரும்பின் மேல் பெயிண்ட் ஏறிவிட்டால், மின்சாரம் தன் வழி அடைபட்டு, பக்கத்திலுள்ள பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பப் பார்க்கும். சம்பந்தமில்லாத பல்பு மினுக்குவதன் காரணம் அதுதான்.

என் வண்டியின் சேஸிஸ் பௌடர் கோட்டிங் கடையிலிருந்து கண்ணாடி போன்ற கறுப்பில் வந்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் கப்ளர் கப்ளராகக் கழற்றித் துடைத்தேன்; ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஒரு முழ நீள வயரை எடுத்து, ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து அழுத்தினேன். ஹார்ன் சட்டென்று பழைய குரலில் அலறியது. எர்த் வயரின் வளையம் உட்காரும் இடத்தில் கத்தி முனையால் பத்துப் பைசா அளவுக்குச் சுரண்டினேன். கறுப்பு உரிந்து வெள்ளி போல இரும்பு தெரிந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த ஒரு முழ வயர்தான் முதல் சோதனை. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை எஞ்சின் உடலிலும் தொட்டு, உதவிக்கு ஒருவரை ஹார்னை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பாட்டரி நெகட்டிவ் வயர் சேஸிஸைச் சேரும் இடம், இக்னிஷன் காயிலின் இரும்புக் கால், ரெகுலேட்டர் (வோல்ட் அளவு மீறாமல் காக்கும் பாகம்) உட்காரும் தகடு, எஞ்சின் மவுண்டிங், பின் இண்டிகேட்டர்களின் அடிப்பகுதி என்று வரிசையாகப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் வளையம் அல்லது கால் படும் அளவுக்கு மட்டும் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவிவிட்டால் துரு பிடிக்காது. சேஸிஸைக் கோட்டிங்குக்குக் கொடுக்குமுன் அந்த இடங்களில் போல்டு மாட்டி அனுப்பியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

இதற்கு ஒரு கிளை அறிகுறியும் உண்டு. ரேஸ் கொடுக்கும்போது ஹெட்லைட் அளவுக்கு மீறிப் பிரகாசித்து, பல்பு அடிக்கடி போனால், ரெகுலேட்டரின் எர்த் சேரவில்லை. பல்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் அந்தத் தகட்டைச் சுரண்டுங்கள்.

கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பக்கத்தில் திறந்த பெட்ரோல் எதுவும் இருக்கக் கூடாது. நீலப்பொறி வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். பொறி வராவிட்டால், பழைய கிக் மாடல்களில் ஒரு குறுக்குச் சோதனை உண்டு. அவற்றின் சி.டி.ஐ. (பிளக்குக்குப் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) பாட்டரியை நம்பி இல்லை. மேக்னெட் காயிலிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. சாவியை ஆஃப் செய்தால் கறுப்பு–வெள்ளை வயர் எர்த் ஆகிப் பொறி நிற்கும். ஆன் செய்தால் அந்த எர்த் விடுபடும். ஆகவே சாவி சுவிட்சின் கப்ளரைக் கழற்றிவிட்டுக் கிக் அடித்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் சுவிட்சோ, அந்த வயர் போகும் வழியோதான் குற்றவாளி. டேங்கை மாட்டும்போது அந்த வயர் டேங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் சிக்கி நசுங்குவது வழக்கமான விபத்து. அப்போதும் பொறி வரவில்லையென்றால் இக்னிஷன் காயிலின் எர்த்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சி.டி.ஐ.யைச் சந்தேகியுங்கள்.

இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிறது, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது

நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து காதைக் கிட்டே கொண்டுபோங்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் மூடியிலுள்ள காற்றுத்துளை பெயிண்டாலோ பாலிஷாலோ அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. மெல்லிய கம்பியால் துளையைத் திறந்துவிட்டால் போதும்.

ஓசை கேட்காவிட்டால் பெட்ரோல் டேப்பின் வடிகட்டியைப் பாருங்கள். பெயிண்டுக்காக டேங்கைத் தட்டி, தேய்த்து, கவிழ்த்து வைத்ததில் உள்ளே ஒட்டியிருந்த துருவெல்லாம் கிளம்பியிருக்கும். செந்நிறப் பொடி வடிகட்டியில் சேர்ந்திருந்தால் டேங்கைக் கழற்றி அலசாமல் இது தீராது.

ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்கவில்லை

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஓ-ரிங் பழையதாக இருந்தாலோ மடங்கி உட்கார்ந்தாலோ அந்த வழியாகக் காற்று புகும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டத்தின் ஓசை மாறினால் அங்கேதான் ஓட்டை. ஏர் ஃபில்டர் பெட்டியின் ரப்பர் குழாய் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாமல் இருப்பதும் சகஜம். அதை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் ரேஸ் ஏறினால் கோளாறு கேபிள் போகும் வழியில். கேபிள் எங்கோ இழுபடுகிறது. பிரிக்குமுன் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அதே பாதையில் மாற்றுங்கள். புகைப்படம் எடுக்கவில்லையென்றால் தெருவில் நிற்கும் இன்னொரு ஸ்பிளெண்டரைப் பாருங்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. யூ-டர்னில் தானாக ரேஸ் ஏறும் வண்டியை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

ஹேண்டில் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்தால் "டக்" என்கிறது

சேஸிஸின் தலைக்குழாயில் கோன் செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) கிண்ணங்கள் இறுக்கமாக அடித்து உட்கார வைக்கப்படுகின்றன. குழாயின் உள்வாயில் கோட்டிங் ஏறியிருந்தால் கிண்ணம் சற்றுச் சாய்ந்து உட்காரும். அல்லது நேராக உட்கார்ந்து, சில நாளில் அந்தக் கோட்டிங் நசுங்கிப்போய் ஆட்டம் கொடுக்கும். முறுக்கிய மறுவாரமே மீண்டும் ஆடும் ஹேண்டிலுக்கு இதுவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். கிண்ணத்தைத் தட்டி எடுத்து, உள்வாயை எமரி பேப்பரால் வெறும் இரும்பு வரை தேய்த்து, மீண்டும் அடியுங்கள்.

இறுக்கம் சரியா என்பதை அறிய, முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நடுவில் விட்டு ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். அது தானே இரு பக்கமும் தடையின்றி விழ வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றால் கோன் தேய்ந்துவிட்டது. அதை முறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிரிக்கும்போது சிறு உருண்டைகள் கொட்டும் என்பதால் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்வது நல்லது.

முறுக்கிய நட்டுகள் மீண்டும் மீண்டும் தளர்கின்றன, வண்டி அதிர்கிறது

பெயிண்டின் தடிமன் இங்கேதான் வேலையைக் காட்டும். எஞ்சின் மவுண்டிங் தகட்டின் இரு பக்கமும், சேஸிஸின் காதிலும், வாஷரின் அடியிலும் கோட்டிங் இருந்தால், போல்டு இறுக்கிப் பிடிப்பது இரும்பை அல்ல, பிளாஸ்டிக் போன்ற ஒரு மெத்தையை. எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் அந்த மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி ஒதுங்க, போல்டின் இறுக்கம் தானே போய்விடும். நட்டு சுழன்றிருக்காது, ஆனாலும் தளர்ந்திருக்கும். லாக்டைட் (நட்டு சுழலாமல் பிடிக்கும் பசை) ஊற்றுவதால் இது தீராது. மவுண்டிங் முகங்களையும் வாஷர் உட்காரும் இடங்களையும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். எல்லா மவுண்டிங் போல்டுகளையும் முதலில் கைவிரலால் ஏற்றி, எஞ்சின் தன் எடையில் இயல்பாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறையும் 500 கிலோமீட்டரில் ஒரு முறையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஹேண்டிலைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதென்றால், பின் சக்கரத்தின் இரு பக்க செயின் அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். செயினின் தொய்வைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிகவும் இறுக்கமாக வரும் இடத்தில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இருக்கும்படி வைக்க வேண்டும்.

முன் பிரேக் பிடிக்கும்போது கேபிள் முறுக்கிக்கொள்கிறது

வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டிரம் பிரேக்கின் தட்டில் ஒரு பள்ளமும், ஃபோர்க்கின் காலில் அதற்குள் உட்கார ஒரு முட்டும் உண்டு. சக்கரத்தை அவசரத்தில் மாட்டினால் முட்டு பள்ளத்தில் உட்காராமல் ஒட்டி நிற்கும். ஆக்ஸில் நட்டும் வழக்கம்போல இறுகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பிரேக் பிடித்ததும் தட்டு சக்கரத்தோடு சுழலப் பார்க்கும். கேபிள் அறுந்து சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது தலைகுப்புறத்தான். பின் சக்கரத்தில் இதே வேலையைச் செய்வது பிரேக் தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்குப் போகும் கம்பி. அதன் நட்டும் பின்னும் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிரேக் கீச்சிட்டாலோ பிடிக்காவிட்டாலோ, ஹப்பைப் பெயிண்ட் அடித்தபோது டிரம்மின் உட்புறத்தில் தெளித்த பெயிண்டைத் தின்னரால் துடைத்து, ஷூக்களை எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும்.

எல்.இ.டி. மாட்டிய பின் மினுக்குகிறது

பழைய ஸ்பிளெண்டர்களின் ஹெட்லைட் பாட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் ஓடும்போது மேக்னெட் காயிலிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. டி.சி.க்கென்று செய்த எல்.இ.டி. பல்பை அதில் மாட்டினால், ஐடிலில் துடிக்கும், சில வாரங்களில் சாகும். ஏ.சி., டி.சி. இரண்டையும் ஏற்கும் பல்பை வாங்குவதே எளிய வழி. நேரடியாகப் பாட்டரிக்கு மாற்றிவிடுவோம் என்று தோன்றும். ஆனால் கிக் மாடலின் பாட்டரி 2.5 ஆம்பியர்-மணி மட்டுமே. மேக்னெட் காயிலை மாற்றிச் சுற்றாமல் அந்தச் சுமையை அதன்மேல் ஏற்றினால் இண்டிகேட்டருக்கும் மிஞ்சாது.

இண்டிகேட்டரை எல்.இ.டி. ஆக்கியதும் அது படபடவென்று வேகமாகத் துடித்தால், பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பாகம்), பல்பு ஃபியூஸ் போனதாக நினைத்துக்கொள்கிறது, எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் போட வேண்டும். ஒரு பக்கம் போட்டால் நான்கும் எரிந்தால், மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே அடையாள விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விளக்கு வழியாகக் கசியும் சொற்ப மின்சாரத்துக்கே எல்.இ.டி. எரிந்துவிடும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் இரண்டு டயோடுகளைச் சேர்த்து, விளக்கின் மறுமுனையை எர்த் செய்தால் தீரும்.

சேஸிஸ் நம்பர் பென்சிலில் விழவில்லை

பெரும்பாலான பழைய ஸ்பிளெண்டர்கள் 15 ஆண்டு கடந்தவை; பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அங்கே தலைக்குழாயில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். மணல் வீசித் தேய்த்துத் தடிமனாகக் கோட்டிங் ஏற்றிய சேஸிஸில் அந்த எண்கள் மழுங்கி, 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். அதைக் கூர்மையாக்குகிறேன் என்று உளியை எடுத்துவிடாதீர்கள். எண்ணைத் திருத்தியதாகவே கருதப்படும். பெயிண்ட் நீக்கும் ஜெல்லை அந்த இடத்தில் மட்டும் தடவி, மரக்குச்சியால் வழித்தெடுத்து, நிறமில்லாத கிளியரை மெல்லிய ஒரு கோட்டு அடித்தால் எண் தெரியும், துருவும் பிடிக்காது. நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ.விடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் நிறமும் ஒரு விவரம். வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும்.

எல்லாம் மாட்டிய பின் இரண்டு வாஷரும் ஒரு புஷ்ஷும் மிச்சம்

மட்கார்டு, சைடு பேனல் வாஷர் என்றால் அவசரமில்லை. குழாய் போன்ற புஷ் மிஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் சக்கரத்துக்கு உரியது. ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் சக்கரம் சுழலத் திணறுகிறதா, அல்லது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்குகளின் நடுவிலும் வெளிப்பக்கத்திலும் வரவேண்டிய புஷ்களை உதிரிபாகப் படத்தோடு ஒப்பிட்டு மாட்டிய பிறகே தெருவில் இறக்குங்கள்.